கடலோரத்து நன்னீர் ஊற்று

நீர் அருகிய ஊர்களில்தான் நீரைப் பற்றிய பேச்சு மிகுதி. புதுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் இடையே, வல்லத்திராக்கோட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இவ்வுண்மையை எவரும் காணலாம். பூசை முடிந்து வெளியே வரும் மக்கள் இருவர் மூவராய் நின்று பேசுவது பெரும்பாலும் மழையைப் பற்றியே இருக்கும். யார் வீட்டு ஆழ்துளைக் கிணறு வற்றியது, எத்தனை அடியில் ஈரம் தட்டியது, கண்மாய்க்கு வரத்து வந்ததா இல்லையா என்பனவே அவர்களது கவலை. செம்புறாங்கல் நிலமும், தைலமரக் காடுகளும், வானத்தை நோக்கிக் கிடக்கும் குளங்களுமே நம் பகுதியின் தோற்றம். மாவட்டம் முழுவதிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை நம் முன்னோர் வெட்டி வைத்ததற்குக் காரணம், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றை இம்மண் பெறாமையே ஆகும்.

நம் மாவட்டத்தில் சுனைகள் இல்லாமல் இல்லை. சித்தன்னவாசல் குன்றின்மேல் சுனை உண்டு, நார்த்தாமலையிலும் உண்டு. ஆயினும் அவை கருங்கல் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்பவை. நிலத்தின் அடியிலிருந்து நீர் தானாக எழுந்து, இறைப்பார் இன்றியே நிறைந்து நிற்கும் ஊற்று என்பது நம் மக்களுக்குப் பெரும்பாலும் கேள்விப்பட்ட செய்தியே.

அத்தகைய ஊற்று ஒன்றைக் காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. இலங்கையின் வடமுனையில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்கரையில் உள்ள கீரிமலை ஊற்றே அது. தமிழ் பேசும் மண்ணில் சுண்ணாம்புக்கல் நிலத்தின் இயல்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்றைச் சொல்வது அரிது. அங்கே நாம் கண்டதையும், அதன்வழி நம் ஊருக்கு நாம் கற்றதையும் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலுக்கும் கேணிக்கும் நடுவே ஒரு சுவர்

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கப்பெற்று, சிறிது காலம் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்தை வணங்கிவிட்டு நாகை வந்து கப்பலேறினால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் மறுகரையை அடைந்துவிடலாம். காங்கேசன்துறையில் இறங்கி, கடற்கரையை ஒட்டி மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் கீரிமலை வந்துவிடும்.

பெயரில் மலை இருப்பினும் அங்கே மலை ஏதும் இல்லை. கடலை நோக்கிச் சற்றே உயர்ந்து நிற்கும் கற்பாங்கான கரையே உள்ளது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடித் தம் முகம் மாறப்பெற்றார் என்றும், குதிரை முகம் வாய்த்த மாருதப்புரவீகவல்லி என்னும் இளவரசியும் இங்கேயே நலம் பெற்றாள் என்றும் சைவப் பெருமக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அருகிலேயே நகுலேசுவரம் திருக்கோயில் உள்ளது. ஆடி அமாவாசை நாளில் மறைந்த முன்னோரை நினைத்து மக்கள் திரள் திரளாக வந்து நீராடுகின்றனர். கடலில் மூழ்கி எழுந்தபின், உடலில் படிந்த உப்பைக் கேணி நீரில் கழுவிக்கொள்வது அங்குள்ள வழக்கம்.

வியப்புக்குரிய செய்தி இதுவே. ஒருபுறம் பாக்கு நீரிணையின் உப்பு அலைகள் கற்களின்மேல் மோதுகின்றன. மறுபுறம் கல்லால் கட்டிய கேணியில் பச்சை கலந்த நீல நிறத்தில் தெளிந்த நீர் அசைவின்றி நிற்கிறது. இரண்டிற்கும் நடுவே ஒரு சுவர்தான் உண்டு. ஆடவர்க்கு ஒரு கேணி, பெண்டிர்க்கு மறைவாக வேறொரு கேணி. கால் வைத்தவுடன் நீர் குளிர்ந்திருப்பது தெரியும். அடியிலுள்ள கல்லின் இடுக்குகள் கண்ணுக்குத் தெரியும். அந்த இடுக்குகளின் வழியேதான் நீர் வருகிறது. நாம் சென்ற வேளையில் சிறுவர் பலர் படிக்கட்டிலிருந்து குதித்து விளையாடிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு அது நாளும் காணும் காட்சி. குடத்துடன் தெருக்குழாயில் காத்து நிற்கும் பிள்ளைகளை நாளும் காணும் நமக்கோ, அந்தக் காட்சியை விட்டு நகர மனம் வரவில்லை.

கல் கரைந்து வழி தந்த கதை

கடலுக்கு இவ்வளவு அருகில் நன்னீர் எங்ஙனம் வந்தது? விடை அந்நிலத்தின் கல்லில் உள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாடு ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த சங்கு, சிப்பி, பவளம் போன்ற உயிர்களின் ஓடுகள் படிந்து, இறுகி, பாறையாயின. பின்னர் அந்நிலம் கடல்மட்டத்துக்கு மேலே உயர்ந்தது. நம் அரியலூர்ப் பகுதியிலும் கல்லக்குடிப் பகுதியிலும் சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டி எடுக்கப்படும் சுண்ணாம்புக்கல்லும் பழங்கடல் ஒன்று விட்டுச் சென்றதே. ஆனால் அது யாழ்ப்பாணத்துக் கல்லைவிட மிகப் பழமையானது.

கருங்கல்லைப் போன்றதன்று சுண்ணாம்புக்கல். அது நீரில் கரையும். தூய நீரில் அன்று; புளிப்பேறிய நீரில் கரையும். மழைநீர் வானிலிருந்து இறங்கும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது ஏற்றுக்கொள்கிறது. மண்ணில் இறங்கும்போது, வேர்களும் மக்கிய இலைகளும் வெளிவிடும் அதே வாயுவை இன்னும் மிகுதியாக ஏற்றுக்கொள்கிறது. கடையில் நாம் வாங்கும் சோடாவில் நுரைத்து எழுவதும் அந்த வாயுவே. அவ்வாறு மிக மெல்லிய புளிப்பேறிய நீர், கல்லின் வெடிப்புகளில் புகுந்து, அதை இம்மியளவாகக் கரைத்துச் செல்கிறது. நூறு ஆண்டுகளில் அது கண்ணுக்குத் தெரியாது. பல்லாயிரம் ஆண்டுகளில் வெடிப்பு குழாயாகிறது; குழாய் குகையாகிறது; குகையின் கூரை இடிந்தால் மேலே பள்ளம் தோன்றுகிறது. கரைந்த சுண்ணாம்பு எங்கே போயிற்று என்று கேட்டால், யாழ்ப்பாணத்து இல்லத்தரசியர் தம் வீட்டுக் கேத்திலின் உட்புறத்தைக் காட்டுவர். நீரைக் கொதிக்க வைக்கும்தோறும் வெள்ளை வெளேரெனப் படியும் பொருக்கு அதுவே.

இத்தகைய நிலத்தை உலகெங்கும் 'கார்ஸ்ட்' என்று அழைப்பர். இத்தாலி, ஸ்லோவேனியா நாடுகளின் எல்லையிலுள்ள ஒரு சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தின் பெயர் அது. அங்கே முதன்முதல் ஆராயப்பட்டமையால் அதுவே பொதுப்பெயராயிற்று. கார்ஸ்ட் நிலத்தில் மேலே ஆறு ஓடுவது அரிது. பெய்த மழை விரைவில் கீழே இறங்கிவிடும். யாழ்ப்பாணத்திலும் வழுக்கையாறு என்னும் சிற்றாறு ஒன்றே உண்டு. அதுவும் மாரிக்காலத்தில் மட்டுமே ஓடும். மேலே ஓட வேண்டிய ஆறுகள் கீழே, இருளில், கல்லுக்குள் ஓடுகின்றன என்று கூறின் பொருந்தும். அவ்வாறு கடலை நோக்கிச் செல்லும் நன்னீர், கரையை எட்டும் இடத்தில் வழி கிடைத்தால் வெளியே தலைகாட்டுகிறது. அதுவே கீரிமலை.

நிலாவரையில் இரண்டு அடுக்கு நீர்

கீரிமலையைக் கண்டோர் நிலாவரையைக் காணாமல் திரும்பலாகாது. புத்தூரை அடுத்த நவக்கிரியில், இராச வீதியின் ஓரத்தில் அமைந்துள்ள இந்த நீர்நிலையை அடி காண முடியாத கிணறு என்று மக்கள் கூறி வந்தனர். இலங்கைக்குச் சென்ற இராமபிரான், தம் படையினரின் தாகம் தணிக்க அம்பை ஊன்றி நீர் வரவழைத்த இடம் என்பது கர்ணபரம்பரைக் கதை. 1845 முதல் 1850 வரை இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில் இக்கிணற்றைப் பற்றி எழுதியுள்ளார். ஆழம் நூறு அடிக்கும் மேற்பட்டது. குகையொன்றின் கூரை இடிந்து விழுந்ததால் திறந்துகொண்ட வாயிலே இக்கிணறு என்பது நிலநூலார் கருத்து.

இதில் நாம் கருத்தூன்ற வேண்டியது ஆழத்தை அன்று, நீரின் அமைப்பை. மேலே உள்ள நீர் நன்னீர். கீழே இறங்க இறங்க உவர்ப்பு மிகுகிறது. அடியில் இருப்பது கடல்நீரே. கடல்நீரைவிட நன்னீர் சற்றே எடை குறைந்தது. ஆகையால் குடாநாட்டின் கல்லுக்குள் புகுந்துள்ள கடல்நீரின்மேல், பெய்த மழையால் சேர்ந்த நன்னீர் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் உள்ள கண்ணாடிவில்லையின் வடிவில் அது அமைந்திருப்பதாகக் கூறுவர்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குச் சற்று முன்னும் பின்னுமாக ஆலந்து நாட்டார் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே அதைக் கண்டனர். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இனிய செய்தி. ஆனால் இதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். மிகுதியாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து 40 அடி உப்புநீர் மேலேறி வரும். மேலே தெரியும் சிறு இழப்புக்குக் கீழே தெரியாத பெரிய இழப்பு நேரும்.

பழைய யாழ்ப்பாணத்து உழவர் இந்தக் கணக்கை அறியாமலேயே அதற்கு அடங்கி வாழ்ந்தனர். துலாமரத்தில் ஆட்கள் முன்னும் பின்னும் நடந்து, பட்டை பட்டையாக நீர் இறைத்து, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டனர். நம் ஊர் ஏற்றத்தின் உடன்பிறப்பு அது. மனிதர் களைத்தபோது இறைப்பு நின்றது. இரவில் கிணறு மீண்டும் ஊறியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. அன்றிலிருந்து கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர்ப்பு ஏறத் தொடங்கிற்று.

சீலோவாமும் லூர்தும்

சுண்ணாம்புக்கல் ஊற்றுகளைப் பற்றிப் பேசும்போது, நம் குடும்பங்கள் நன்கறிந்த இரண்டு ஊற்றுகளை நினையாதிருக்க இயலாது.

எருசலேம் மாநகர் சுண்ணாம்புக்கல் குன்றுகளின்மேல் அமைந்தது. அந்நகரின் பழைய குடிகளுக்கு நீர் தந்தது கீகோன் நீரூற்று. பீறிட்டெழுவது என்பது அப்பெயரின் பொருள். குகைகளின் வளைந்த வழிகளில் நீர் நிரம்பி நிரம்பி வடிவதால், அது முற்காலத்தில் ஒரே சீராக ஓடாமல், சிறிது நேரம் பெருகியும் சிறிது நேரம் அடங்கியும் வந்தது. அசீரியர் படையெடுப்பை எதிர்நோக்கிய எசேக்கியா அரசர், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன், இவ்வூற்று நீரை நகருக்குள் கொணர 533 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்தைப் பாறையில் குடைவித்தார். இருபுறமிருந்தும் குடைந்து வந்தோர் நடுவில் சந்தித்ததைக் கூறும் கல்வெட்டு 1880இல் கண்டெடுக்கப்பட்டது. அச்சுரங்கம் வழியே வந்த நீர் சேர்ந்த இடமே சீலோவாம் குளம். பிறவிக் குருடரைக் கண் கழுவி வருமாறு ஆண்டவர் அனுப்பியது அங்கேதான்.

லூர்து நகரின் மசபியேல் குகையும் சுண்ணாம்புக்கல் குகையே. நம் பங்குகளில் கல்லும் காரையும் கொண்டு நாம் எழுப்பும் கெபிகள் எல்லாம், நீர் கரைத்துக் குடைந்த அந்தக் குகையின் சாயல்களே. 1858 பிப்ரவரி 25ஆம் நாள், பதினான்கு வயதுச் சிறுமி பெர்னதெத் அக்குகையின் உட்புறத்தில் மண்ணைக் கையால் தோண்டினாள். முதலில் வந்தது சேற்றுநீர். கண்டோர் நகைத்தனர். பின்னர் அது தெளிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தூலூஸ் நகர வேதியியல் பேராசிரியர் ஃபிலோல் அந்நீரைச் சோதித்து, அது நல்ல குடிநீர் என்றும், நோய் தீர்க்கும் தனிப்பட்ட தாதுப்பொருள் எதுவும் அதில் இல்லை என்றும் அறிக்கை தந்தார்.

அவ்வறிக்கை நம் விசுவாசத்துக்குக் குறைவு என்று எண்ணுவோர் உண்டோ? நமக்கு அது ஆறுதலாகவே தோன்றுகிறது. இறைவன் தம் அருளுக்குக் கருவியாகக் கொண்டது மந்திர நீரை அன்று. மழையாய்ப் பெய்து, கல்லில் இறங்கி, ஊற்றாய் எழுந்த சாதாரண நீரை. அப்படியாயின் நம் வீட்டுக் கிணற்று நீரும் அதே இனத்தைச் சேர்ந்ததே. லூர்து நீரை வெள்ளிக்குப்பியில் காத்து, வீட்டுக் கிணற்றருகே குப்பையைக் கொட்டுவது முரண் அல்லவா?

வடிகட்டி இல்லாத நிலம்

கார்ஸ்ட் நிலத்தின் சிறப்பே அதன் பலவீனமும் ஆகும். மணல் நிலத்தில் நீர் துணியில் வடிவதுபோல் மெல்ல இறங்குகிறது. அழுக்கில் பெரும்பகுதியை மணல் பிடித்துக்கொள்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எஞ்சியதைச் சிதைக்கின்றன. சுண்ணாம்புக்கல் நிலத்திலோ, மேல்மண் மெலிந்த இடங்களில், நீர் குழாயில் ஓடுவதுபோல் ஓடிவிடுகிறது. வடிகட்டுவதற்கு நேரமும் இல்லை, மணலும் இல்லை. ஒருவர் வேலிக்குள் ஊற்றியது அயலார் கிணற்றில் எழும். வேலி மேலே உண்டு, கீழே இல்லை.

யாழ்ப்பாணம் இதைக் கசப்புடன் கற்றது. வயலுக்கு இட்ட உரமும், வீட்டு மலக்குழிகளின் கசிவும் சேர்ந்து, கிணறுகள் பலவற்றில் நைட்ரேட் என்னும் உப்பு மிகுந்துவிட்டதை ஆய்வாளர் பன்முறை சுட்டிக்காட்டியுள்ளனர். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தால் பச்சிளங் குழந்தைகளின் குருதி உயிர்வளியை ஏந்தும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாயும். தாய்மார்கள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும்.

அடுத்து வந்தது எண்ணெய். சுன்னாகம் மின் நிலையப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய்க் கழிவு சுற்று வட்டாரக் கிணறுகளில் மிதந்தது. 2015ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு வந்து முறையிட்டனர். வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை சென்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. பணம் கொடுக்கலாம், கல்லின் இடுக்கில் புகுந்த எண்ணெயைத் துடைத்தெடுக்க யாரால் ஆகும்?

காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990 வரை இயங்கிய சிமெண்ட் ஆலைக்காகக் கல் அகழ்ந்த பெருங்குழிகளையும் நாம் கண்டோம். நீரைத் தாங்கி நின்ற கல்லையே அள்ளிவிட்ட இடங்கள் அவை. இத்தனையும் நேர்ந்தபின், 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பெற்றது. காலடியில் நன்னீரை வைத்திருந்த நாடு, பெருஞ்செலவில் கடலைக் காய்ச்சி வடிப்பதற்கு ஒப்பான வழியை நாட வேண்டியதாயிற்று.

ஊற்றை இழந்தவர்கள்

நீரின் கதையைச் சொல்லி மனிதரின் கதையை விடுத்தல் முறையன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, கீரிமலையும் காங்கேசன்துறையும் அடங்கிய வலிகாமம் வடக்கின் மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறினர். அவ்வூர்கள் இராணுவப் பகுதியாயின. போர் 2009இல் முடிந்தபின் நிலங்கள் சிறிது சிறிதாகவே விடுவிக்கப்பட்டன. இருபது ஆண்டு கழித்துத் திரும்பியோர் முதலில் தேடியது வீட்டை அன்று, கிணற்றை. வீடு இடிந்திருந்தாலும் கிணறு இருந்தால் அந்நிலத்தில் குடியேறலாம் அன்றோ? பல கிணறுகள் புதர் மூடியும், தூர்ந்தும், குப்பை நிறைந்தும் கிடந்தன. அவற்றை இறைத்துச் சுத்தம் செய்வதே மறுவாழ்வின் முதற் பணியாயிற்று.

ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் நம் வட்டாரத்துத் தோப்புக்கொல்லை முகாமிலும் வாழ்கின்றன. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம் ஊர்ப் பேச்சையே பேசுகின்றனர். முதியவர்களின் நினைவோ இன்னும் அக்கரையில் உள்ளது. நாம் திரும்பி வந்ததை அறிந்து, காங்கேசன்துறைப் பக்கத்து மூதாட்டி ஒருவர் நம்மை வந்து கண்டார்.

"சுவாமி, கேணித் தண்ணி இப்பவும் முந்தி மாதிரித் தெளிவோ?" என்று கேட்டார்.

"தெளிவாகத்தான் இருக்கிறது, அம்மா. பிள்ளைகள் குதித்து விளையாடுகிறார்கள்" என்றோம்.

முகம் மலர்ந்தது. சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்கட வீட்டுக் கிணறு நல்ல தண்ணிக் கிணறு, சுவாமி. அயலில ஏழு வீடு அதிலதான் அள்ளினது" என்றார். அந்த ஏழு வீட்டாரின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். அவர்களுள் எவர் எங்கே உள்ளனர் என்பதை அவர் அறியார். நிலத்தின் அளவையோ வீட்டின் மதிப்பையோ அவர் கூறவில்லை. எத்தனை வீட்டுக்கு நீர் தந்தோம் என்பதே அவர் தம் செல்வத்தை அளக்கும் அளவாயிருந்தது.

நம் ஊர்க் கிணறுகள்

நிற்க. சுண்ணாம்பு நிலம் நமக்கு இல்லையே, அந்த ஆபத்தும் நமக்கு இல்லையே என்று சிலர் கூறலாம். ஒரு வகையில் அது உண்மை. நம் செம்மண்ணும் மணலும் நல்ல வடிகட்டிகள். ஆனால் அந்த வடிகட்டியில் நாமே ஓட்டை போட்டு வருகிறோம் என்பதை எண்ண வேண்டும்.

முப்பது நாற்பது அடியில் நீர் கண்ட திறந்த கிணறுகள் நம் பகுதியில் எத்தனை இருந்தன என்பதை முதியோர் அறிவர். ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடிக்குச் சென்றபின் அவை வற்றின. வற்றிய கிணறு என்ன ஆயிற்று? ஊர்க் குப்பையின் தொட்டி ஆயிற்று. பிளாஸ்டிக்கும், கோழிக் கழிவும், மருந்துப் புட்டியும் அதில் விழுகின்றன. சில இடங்களில் சாக்கடையும் அதில் விடப்படுகிறது. மழை பெய்யும்போது அக்கழிவின் சாறு, மேல்மண்ணின் வடிகட்டலைத் தாண்டி, நேரே அடிநிலத்துக்கு இறங்குகிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் நீர் பல்லாயிரம் ஆண்டுகளில் குடைந்த வழியை, நம் நிலத்தில் நாம் கடப்பாரையாலும் இயந்திரத்தாலும் குடைந்து, அதன் வாயில் குப்பையையும் வைத்துவிட்டோம்.

எனவே நம் குடும்பங்கள் செய்யத் தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்க விரும்புகிறோம். முதலாவது, கைவிட்ட கிணற்றில் எதையும் கொட்டாதிருத்தல். முடியுமாயின் அதைத் தூர்வாரி, கூரையில் விழும் தூய மழைநீரை மணலும் கூழாங்கல்லும் இட்ட தொட்டி வழியே அதில் விடலாம். வற்றிய கிணறு அவ்வாறு நிலத்துக்கு நீர் ஊட்டும் வாயாக மாறும். இரண்டாவது, பயனற்ற ஆழ்துளையின் வாயை இறுக மூடுதல். குழந்தைகளின் உயிரைக் காப்பதற்காக மட்டும் அன்று. நிலத்தடி நீரின் தூய்மையைக் காப்பதற்காகவும் இது வேண்டும். மூன்றாவது, மலக்குழி அமைக்கும்போது நம் கிணற்றிலிருந்து மட்டும் அன்றி, அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்தும் குறைந்தது 50 அடி தள்ளி அமைத்தல். தம் கிணற்றை அளந்து பார்ப்போர் பலர். அயலார் கிணற்றை அளந்து பார்ப்போர் சிலரே. நான்காவது, கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்காலை அடைக்காதிருத்தல். 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளையும் பலாக்களையும் சாய்த்தபின், நம் மாவட்டத்தின் ஊர்கள் பலவற்றில் இளைஞர் தாமே முன்வந்து குளங்களைத் தூர்வாரினர். அவர்கள் செய்ததைப் பாராட்டுவதோடு நில்லாமல், நம் பங்கின் இளையோரும் அப்பணியில் கைகோக்க வேண்டும்.

இவை எதுவும் புதியன அல்ல. நம் ஊர்களில் குடிநீர் ஊருணிக்குள் செருப்புக் காலுடன் எவரும் இறங்குவதில்லை. அதில் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை. யாரும் காவல் நிற்காமலே அக்கட்டுப்பாடு காக்கப்பட்டது. ஏனெனில் கண் முன்னே தெரியும் அந்நீரை அடுத்த வேளை குடிப்பவர் நம் பிள்ளையோ அயலார் பிள்ளையோ என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீருக்கும் அதே மரியாதை உரியது. சமாரியப் பெண்ணிடம் ஆண்டவர் தாகத்துக்குக் கேட்டது யாக்கோபு விட்டுச் சென்ற கிணற்று நீரை. முன்னோர் ஒருவர் வெட்டி, பல தலைமுறைகள் கெடாது காத்த கிணறு அது. ஆகையால் அன்று நண்பகலில் அங்கே நல்ல நீர் இருந்தது. நமக்குப் பின்வரும் தலைமுறையில் தாகத்தோடு வந்து நம் கிணற்றடியில் அமரப் போகிறவர் யார் என்பதை நாம் அறியோம். அவருக்குக் கொடுக்க நல்ல நீரை விட்டுவைப்பது நம் கடன்.